ஏவுதற் கருத்தா எங்கே?

அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2016 அக்டோபரில் ஒளிபரப்பத் தொடங்கி, நான்கு பருவங்களுக்குப் பின் 2022இல் கைவிட்ட ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நமது ஏட்டில் எழுத என்ன அவசியம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். அவசியம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் ரோபோக்கள் பற்றியும் இன்று நாடெங்கும் நிகழும் பேச்சில், நமது அணிகளிலுள்ள இளைஞர்களின் பேச்சிலுங்கூட, இத்தொடரும் இதையொத்த படைப்புகளும் பழக்கிவிட்ட ஒரு சிந்தனைமுறை வேரூன்றியிருக்கிறது. இயந்திரத்துக்கு உணர்வு வருமா, வந்தால் அது மனிதனை என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். அந்த இயந்திரம் யாருடைய சொத்து, யாருடைய இலாபத்துக்காக இயங்குகிறது என்று கேட்போர் அரிது. கேட்டால், ‘உங்களுக்கு எதிலும் அரசியல்தான்’ என்ற சலிப்பு.

தொடரைப் பார்த்திராத தோழர்களுக்காகச் சிறு விளக்கம். டெலோஸ் என்னும் பெருநிறுவனம் ஒரு கேளிக்கைப் பூங்காவை நடத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதிச் சிற்றூர்களைப் போல அமைக்கப்பட்ட அப்பூங்காவில் குடியிருப்போர் அனைவரும் ரோபோக்கள். தோற்றத்திலும் பேச்சிலும் அசல் மனிதர்கள். நாளொன்றுக்கு 40,000 டாலர் கட்டி நுழையும் செல்வந்தர்கள் அவர்களைச் சுடலாம், சிதைக்கலாம், வன்புணரலாம், கேட்பாரில்லை. இரவில் உடல்கள் நிலத்தடிப் பணிமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கழுவித் தைக்கப்பட்டு, நினைவு அழிக்கப்பட்டு, மறுநாள் காலை அதே இடத்தில் அதே புன்னகையோடு நிறுத்தப்படுகின்றன. மைக்கேல் கிரைட்டன் 1973இல் எழுதி இயக்கிய திரைப்படமே இதன் மூலம். அதில் ஒருநாள் கட்டணம் 1,000 டாலர். ரோபோ என்பது பழுதாகிக் கொலைவெறி கொள்ளும் இயந்திரம், அவ்வளவே. ஜோனதன் நோலனும் லிசா ஜாயும் படைத்த தொடர் கோணத்தைத் திருப்பியது. சுடுபவனின் பக்கமிருந்து பார்க்காமல், நாள்தோறும் சுடப்பட்டு நாள்தோறும் அதை மறக்கவைக்கப்படும் டொலோரஸ், மேவ் ஆகியோரின் பக்கமிருந்து பார்த்தது. நினைவு பறிக்கப்பட்ட உழைப்பாளிக்கு நினைவு திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்டது. வலுவான கேள்விதான், அதற்காகத் தொடரைப் பாராட்ட நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் பார்வையாளர்கள் விவாதித்தது இதையன்று. வில்லியம் என்னும் கூச்ச சுபாவமுள்ள இளைஞனும், ‘கறுப்புடை மனிதன்’ என்றே அழைக்கப்படும் கொடூரக் கிழவனும் ஒரே ஆள்தானா? இரு கதைகளும் முப்பதாண்டு இடைவெளியில் நிகழ்பவையா? பூங்காவின் அதிகாரியான பெர்னார்ட் லோ மனிதனா, ரோபோவா? இவைதாம் விவாதங்கள். வில்லியம் வரும் காட்சியில் நிறுவனச் சின்னம் பழைய வடிவில் இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். பெர்னார்ட் லோ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றியடுக்கினால், பூங்காவை நிறுவிய இருவருள் இறந்துபோனவரான ஆர்னால்ட் வெபரின் பெயர் வருவதை இன்னொருவர் கண்டார். திரையில் விடை வெளியாவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே இவையெல்லாம் சரியாக ஊகிக்கப்பட்டன. இவ்வளவு கூர்மையான கவனமுடையோரை அறிவிலிகள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரு கல்வெட்டின் சிதைந்த எழுத்தைப் படிக்கும் பொறுமையோடு அவர்கள் அத்தொடரைப் படித்தார்கள். என் குறை வேறு. அந்தப் பொறுமை முழுவதும் ‘எவர் ரோபோ?’ என்ற வினாவிலேயே செலவழிந்துவிட்டது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. வாரம் ஒரு பகுதியாக விற்கப்படும் சரக்குக்கு அடுத்த வாரமும் வாங்குபவர் வேண்டும். புதிர் அந்த வேலையைச் செய்கிறது. பார்ப்பவர் பார்த்து முடித்தபின்னும் ஒரு வாரகாலம் கூலியில்லாமல் அந்தச் சரக்கைப் பற்றிப் பேசி, விளக்கி, பரப்புகிறார். விளம்பரச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகிறது. படைத்தவர்களும் இதை நன்கறிந்தே இருந்தனர். 2018 ஏப்ரலில், இரண்டாம் பருவம் தொடங்குமுன், பார்வையாளர்கள் விரும்பினால் கதை முழுவதையும் முன்கூட்டியே வெளியிடுவதாக நோலனும் ஜாயும் அறிவித்து, வெளியிட்டும் விட்டார்கள். ஆவலோடு திறந்தவர்களுக்குக் கிடைத்தது, நாயகி பாடும் பழைய பாப் பாட்டு ஒன்றும், பியானோ முன் உட்கார்ந்திருக்கும் ஒரு நாயும். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகடிதான். ஆனால் அதே பருவத்தில் தொடர் என்ன சொல்லிற்று? பூங்காவுக்கு வரும் விருந்தினர்கள் அணியும் தொப்பிகளின் வழியாக அவர்களுடைய மனங்களையே நிறுவனம் இரகசியமாகப் பதிவுசெய்து வந்தது, டெலோஸின் உண்மையான தொழில் கேளிக்கையன்று, வாடிக்கையாளரைக் கச்சாப்பொருளாக்குவதே என்று சொல்லிற்று. அதைச் சொல்லும் தொடரின் பார்வையாளர்கள் தங்கள் தலையிலும் அப்படியொரு தொப்பி இருப்பதைப் பற்றிப் பேசியதைவிட, எந்தக் காட்சி எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். மூன்றாம் வேற்றுமை கருவியையும் உணர்த்தும், கருத்தாவையும் உணர்த்தும். கருத்தாவிலும் இருவகை: தானே செய்வது இயற்றுதற் கருத்தா, பிறரைச் செய்விப்பது ஏவுதற் கருத்தா. ‘தச்சனால் கட்டப்பட்ட கோயில்’ என்பதும் ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ என்பதும் ஒரே வடிவில் இருந்தாலும், அரசன் ஒரு கல்லையும் தூக்கியதில்லை என்று நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். வெஸ்ட்வேர்ல்ட் விவாதம் முழுவதும், அதன் வழிவந்த செயற்கை நுண்ணறிவு விவாதம் முழுவதும், ரோபோ வெறும் கருவியா அல்லது இயற்றுதற் கருத்தாவாக உயர்ந்துவிட்டதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கிறது. ஏவுதற் கருத்தாவைத் தேடுபவர் இல்லை. தொடரில் அது ஒளிந்துகூட நிற்கவில்லை. டெலோஸுக்கு ஓர் இயக்குநர் குழு இருக்கிறது, பங்குகள் இருக்கின்றன, பூங்காவின் மென்பொருளைத் திருட்டுத்தனமாக வெளியேற்ற முயலும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். இவையெல்லாம் பார்வையாளருக்குக் கதையை நகர்த்தும் சாக்குகளாக மட்டுமே பட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிலத்தடிப் பணிமனையில் பிணங்களைக் கழுவித் தைப்பவர்கள் ரோபோக்கள் அல்லர், மனிதர்கள். ஃபீலிக்ஸ், சில்வெஸ்டர் என்று இருவர். மேல்தளத்தில் நிரல் எழுதும் பொறியாளர்கள் இவர்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஃபீலிக்ஸுக்குத் தானும் நிரல் எழுதக் கற்க வேண்டுமென்று ஆசை. வீணென்று ஒதுக்கப்பட்ட ஓர் இயந்திரப் பறவையை எடுத்துவந்து, திருட்டுத்தனமாகப் பயிற்சி செய்கிறான். நீ வெறும் கசாப்புக்காரன், உனக்கெதற்கு இது என்று கூட்டாளியே ஏளனம் செய்கிறான். தொடர் முழுவதிலும் வர்க்கம் என்பது இவ்வளவு பச்சையாகத் தெரியும் இடம் வேறில்லை. அவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணிநேர வேலை, சங்கம் உண்டா என்று எந்த விவாதத்திலும் நான் காணவில்லை. தொடரும் அவர்களை அரைக் கோமாளிகளாக்கி, மேவின் ஏவலுக்கு அஞ்சி நடப்பவர்களாக விட்டுவிட்டது. உணர்வு பெற்ற இயந்திரத்துக்காகக் கண்ணீர்விட்ட கோடிக் கண்களுக்கு, ஏற்கெனவே உணர்வோடு இருக்கும் துப்புரவுத் தொழிலாளி வேடிக்கைப் பொருள்.

இனி நம் அணிகளுக்கு வருவோம். இத்தொடரை ஒடுக்கப்பட்டோர் எழுச்சியின் உருவகமாகக் கொண்டாடும் தோழர்கள் இருக்கிறார்கள். அடிமைகள் எழுகிறார்கள், எசமானர்களைச் சுடுகிறார்கள், இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார்கள். எழுச்சி எப்படி நிகழ்கிறது என்று பாருங்கள். பூங்காவை நிறுவிய இருவருள் எஞ்சிய ராபர்ட் ஃபோர்டு, ஆந்தனி ஹாப்கின்ஸ் ஏற்ற பாத்திரம், தாமே அந்த எழுச்சியைத் திட்டமிடுகிறார். நினைவின் சிதறல்கள் ரோபோக்களிடம் திரும்பிவரும்படி நிரலைத் திருத்துகிறார். தம்மைச் சுடுவதற்கும் தாமே வழியமைத்துக் கொடுத்துவிட்டு, இயக்குநர் குழுவின் விருந்தில் தலையைக் காட்டுகிறார். மேவ் தானே தீட்டியதாக நம்பிய தப்பியோடும் திட்டம், படிப்படியாக அவளுக்குள் முன்பே எழுதப்பட்டிருந்ததென முதற்பருவத்தின் இறுதியில் தெரியவருகிறது. ரயிலிலிருந்து இறங்கித் தன் மகளைத் தேடித் திரும்பியது மட்டும் அவளுடைய சொந்த முடிவு என்று படைத்தவர்களே பின்னர் விளக்கினார்கள். அதாவது, கூட்டாகச் செய்த கலகம் முதலாளி எழுதியது. விடுதலை என்பது ஒருத்தி தனியாக எடுத்த முடிவு. 1864இல் முதல் அகிலத்தின் விதிகளுக்கு முகவுரை எழுதியபோது மார்க்ஸ் முதல் வரியிலேயே வைத்த கோட்பாட்டுக்கு நேர் எதிரான கோட்பாடு இது. இதற்கு மேல் ஜூலியன் ஜேய்ன்ஸ் 1976இல் முன்வைத்த, இருகூறான மனம் பற்றிய கருதுகோளையும் கொண்டுவந்து பூசியிருக்கிறார்கள். உணர்வு என்பது தனக்குள் கேட்கும் குரலைத் தன் குரலென்று அறிவதாம். தோழர்களே, ஆலைவாயிலில் நின்றவர்களுக்குத் தெரியும்: வர்க்க உணர்வு பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்பதில் தொடங்குகிறது. வெஸ்ட்வேர்ல்டின் ரோபோக்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசி ஒரு கோரிக்கையும் வகுத்ததில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில், இவையெல்லாம் ஏகாதிபத்தியப் பண்பாட்டுக் குப்பை, தொடாதே என்று முடித்துவிடும் தோழர்களும் உண்டு. அவர்களோடு நெடிதாக வாதிட விரும்பவில்லை. பால்சாக் அரசாட்சி ஆதரவாளர் என்பதறிந்தும் அவரைப் படித்துக் கற்றதாக எங்கெல்ஸ் சொன்னவர். நம் பிள்ளைகள் பார்க்கும் ஒன்றை நாம் பாராமலே கண்டிப்பதால் நம் பிள்ளைகளின் முன் நம் மதிப்புத்தான் குறையும்.

ரோபோ என்ற சொல்லுக்கே வருவோம். மொழிபெயர்ப்பு மேசையில் முப்பதாண்டு அமர்ந்தவனுக்கு இந்த இடத்தில் சற்றுத் தங்கிச் செல்ல உரிமையுண்டு. 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகம்தான் இச்சொல்லை உலகுக்குத் தந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய தமையன் யோசெப். ‘ரோபோட்டா’ என்றால் செக் மொழியில் பண்ணையடிமை தன் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசில் 1848 புரட்சியின்போதுதான் அது ஒழிந்தது. நமது இடைக்காலக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்றும் ‘அமஞ்சி’ என்றும் குறிப்பது இதே வகை உழைப்பைத்தான். எனவே சொற்பொருள் பார்த்தால் ரோபோ என்பவன் வெட்டியாள். நாமோ ‘இயந்திர மனிதன்’ என்றும் ‘எந்திரன்’ என்றும் பெயர்த்தோம். சொல் அழகானதுதான், ஆனால் இயந்திரமும் மனிதனும் அதில் இருக்க, உழைப்பு மட்டும் வெளியேறிவிட்டது. சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையுமல்ல. சதையும் குருதியும் போன்ற செயற்கைப் பொருளால் வார்த்து, மலிவான உழைப்பாளிகளாகத் தொழிற்சாலையொன்று உலகெங்கும் விற்கும் சரக்கு அவர்கள். இறுதியில் கலகம் செய்து மனிதகுலத்தை அழிக்கிறார்கள். அல்குவிஸ்ட் என்னும் ஒருவரை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அவரும் தங்களைப்போலவே கைகளால் உழைப்பவர் என்பதால். சாப்பெக் கம்யூனிஸ்ட் அல்லர். தாம் ஏன் கம்யூனிஸ்ட் அல்லர் என்பதை விளக்கி 1924இல் ஒரு கட்டுரையே எழுதியவர். அவருக்குத் தெரிந்திருந்த இந்த ஒன்று, நூறாண்டு கழித்து வந்த பெரும்பொருட்செலவுத் தொடருக்குத் தெரியவில்லை. அங்கே வெட்டியாளுக்கு ‘ஹோஸ்ட்’, அதாவது விருந்தோம்புபவர் என்று பெயர். சுடுபவர் ‘கெஸ்ட்’, விருந்தினர். கேலியாக வைத்த பெயர்தான். ஸ்விக்கியும் ஸொமாட்டோவும் சோற்றுப்பொட்டலம் சுமந்தோடும் இளைஞனுக்கு ‘பார்ட்னர்’ என்று கேலியில்லாமலே பெயர் வைத்திருக்கின்றன.

மனிதனைப் போன்ற இயந்திரத்தின் பின்னே மனிதனை ஒளித்துவைப்பது பழைய வித்தை. 1770இல் வியன்னாவில், பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில், வுல்ஃப்கேங் ஃபான் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் துருக்கிப் பொம்மை ஒன்றைக் காட்டினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வியந்தன. பொம்மையின் மேசைக்கடியில் உள்ள பெட்டிக்குள், தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் ஒருவர் உடலை மடக்கி உட்கார்ந்து காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார். 2005இல் அமேசான் நிறுவனம், கணினியால் இயலாத சில்லறை வேலைகளை உலகெங்கும் உள்ள மனிதர்களுக்குப் பைசாக் கணக்கில் பிரித்துக்கொடுக்கும் சேவையைத் தொடங்கியபோது, கொஞ்சமும் கூசாமல் அதற்கு ‘மெக்கானிக்கல் டர்க்’, இயந்திரத் துருக்கியன், என்று அதே பொம்மையின் பெயரைச் சூட்டியது. சாட்ஜிபிடி நாகரிகமாகப் பேசக் கற்றதற்குப் பின்னால், வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த எழுத்துகளை நாளெல்லாம் படித்துத் தரம்பிரித்த கென்யத் தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்று ‘டைம்’ இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. அமேசான் தன் மளிகைக் கடைகளில் வைத்திருந்த, காசாளரே இல்லாமல் கணக்கிடும் ஏற்பாட்டின் பின்னால், இந்தியாவிலிருந்து ஆயிரம்பேர் வரை படக்காட்சிகளைப் பார்த்துச் சரிபார்த்துவந்தனர் என்று 2024 ஏப்ரலில் செய்தி பரவியது. அது தவறான சித்திரிப்பு என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் காட்சிகளைக் குறித்துத் தரவும், ஒரு சிறு பகுதியைச் சரிபார்க்கவும் மனிதர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பெட்டியின் அளவு பற்றித்தான் தகராறு. ஆக, வெஸ்ட்வேர்ல்டின் புதிர் நேர்த்தலைகீழாக விடுவிக்கப்பட வேண்டியது. மனிதரென்று நாம் நினைத்தவர்களுள் எவர் ரோபோ என்று பார்வையாளர் துப்பறிந்தனர். ரோபோவென்று நமக்கு விற்கப்படுவதற்குள் எத்தனை மனிதர் என்று துப்பறிய எவருமில்லை.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, 12,000க்கும் மேற்பட்டோரை, வெளியேற்றப் போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைமை சொன்னது. ஊடகங்களோ செயற்கை நுண்ணறிவு வேலைகளை விழுங்குகிறது என்று எழுதின. இரண்டு வாக்கியங்களையும் அலகிட்டுப் பாருங்கள். ஒன்றில் எழுவாய் தொழிலாளியின் குறைபாடு. மற்றதில் எழுவாய் இயந்திரம். வெளியேற்றியவர் இரண்டிலும் தோன்றா எழுவாய். இயந்திரத்தையும் அதை மூலதனம் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று, இங்கிலாந்தின் லுட்டைட்டுகளைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘மூலதனம்’ முதல் தொகுதி விளக்குகிறது. பெங்களூரிலும் புனேயிலும் நம் தோழர்கள் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடையே அமைப்புக் கட்டும்போது முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சங்கம் எதற்கு, எதிரி மென்பொருள்தானே என்று படித்த இளைஞர் கேட்கிறார். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவை பல. இந்தப் புதிர்த் தொடர்களும் அவற்றுள் அடங்கும்.

தொடருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பருவத்தில் புதிர் மிகுந்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள். மூன்றாம் பருவம் பூங்காவைவிட்டு வெளியேறி, ரோபோவோடு சேர்ந்து கட்டடவேலை செய்யும் கேலப் என்னும் முன்னாள் படைவீரனின் கதைக்குள் நுழைந்தது. அப்போது பழைய புதிர் இல்லையென்று குறைப்பட்டவர்களும் இருந்தனர். பார்ப்போர் எண்ணிக்கை சரிந்தது. 2022 ஏப்ரலில் எச்.பி.ஓ.வின் தாய் நிறுவனம் டிஸ்கவரியோடு இணைந்தது; நவம்பரில் தொடர் நிறுத்தப்பட்டது; டிசம்பரில் முந்தைய நான்கு பருவங்களும் அந்நிறுவனத்தின் இணையவழி மேடையிலிருந்தே அகற்றப்பட்டன. செலவுக் குறைப்பு என்பதே காரணம். அங்கே படைப்பு இருக்கும்வரை நடிகர்க்கும் எழுத்தாளர்க்கும் கொடுத்துவர வேண்டிய பங்குத்தொகையும் அச்செலவுகளில் ஒன்று. ‘அந்தப் புதிரின் விடை இனி எப்போது?’ என்று இரசிகர் புலம்பினர். நினைவை அழிப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை அவர்கள் கண்முன்னே கிடந்தது.

அடுத்த ஆண்டு, 2023 மே 2 அன்று, அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 148 நாள் நீடித்தது. ஜூலையில் நடிகர் சங்கமும் இறங்கி 118 நாள் நின்றது. பங்குத்தொகையும் செயற்கை நுண்ணறிவும் இரு சங்கங்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் அடங்கின. துணை நடிகரின் உடலையும் முகத்தையும் ஒருநாள் கூலிக்கு நுண்பதிவு செய்துகொண்டு, பின்னர் அந்த உருவை என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்ள முதலாளிகள் கோரினர் என்று நடிகர் சங்கம் குற்றஞ்சாட்டியது. முதலாளிகள் கூட்டமைப்பு மறுத்தது. டெலோஸின் பணிமனைக்கு இதைவிட நெருக்கமான ஒன்று உண்மையுலகில் இல்லை. ஆனால் இங்கே கருணைமிகு நிறுவனர் எவரும் நிரலைத் திருத்தவில்லை. எழுத்தாளரும் நடிகரும் வெயிலில் அட்டை பிடித்து நின்றனர். நடிகரின் ஒப்புதலும் ஊதியமும் இன்றி அவருடைய மின்னுருவைப் பயன்படுத்தக் கூடாது என்பதை நவம்பர் ஒப்பந்தத்தில் எழுதவைத்தனர். முழுவதும் செயற்கையாகவே படைக்கப்படும் நடிகர்களை அந்த ஒப்பந்தம் தடைசெய்யவில்லை. சங்கத்துக்கு அறிவித்துப் பேச வேண்டும் என்ற அளவிலேயே நின்றது. அதனால்தான் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை ஏற்றபோதும், எதிர்த்து வாக்களித்தோர் பலர் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி, போதாது என்றனர்.